வார்னிஷ் அடித்தும் பலகை ஏன் வெளுத்துப்போகிறது? வெயிலில் கிடக்கும் மரத்துக்கு நிறம்தான் குடை

எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. மலாக்கா, ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பழைய லயத்தைப் பிரித்தபோது மிஞ்சிய பலகைகளை வைத்துத் தாத்தா செய்தது. பால்மரம் சீவிவிட்டு வந்து அதில்தான் உட்காருவாராம். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்தபோது லோரியில் இடம் பத்தவில்லை. அலமாரியை விட்டுவிட்டு வந்தார்கள், பெஞ்சை விடவில்லை.

ஒரு தீபாவளிக்கு அப்பா அதற்குப் பளபளவென்று கிளியர் வார்னிஷ் அடித்தார். புதுசு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த தீபாவளிக்குள் வார்னிஷ் விரிசல் விட்டு, வெயிலில் தோல் உரிவதுபோல் ஏடு ஏடாக உரிந்தது. அடியில் பலகை சாம்பல் நிறத்தில் இருந்தது. சுரண்டித் தேய்த்து மறுபடியும் அடித்தார். மறுபடியும் உரிந்தது. மூன்றாவது தடவை, "நல்ல வார்னிஷ் இல்ல போல, விலை கூடினதா வாங்கணும்" என்றார்.

வார்னிஷில் குறை ஒன்றும் இல்லை. வெயிலில் கிடக்கும் மரத்துக்கு அது பொருந்தாத சாமான், அவ்வளவுதான். இப்படி வருசா வருசம் காசையும் மரத்தையும் சேர்த்துச் சுரண்டிக் கொட்டுகிற வீடுகள் நிறைய. கேட், திண்ணைத் தூண், கோயில் மண்டபத்துக் கதவு, பழைய லயத்திலிருந்து எடுத்து வந்த சன்னல் என்று ஏதாவது ஒன்று எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்தப் பலகை திரும்பக் கிடைக்காது என்பதால்தான் இதைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

வெயில் மரத்தை என்ன செய்கிறது?

முதலில் ஒரு சின்னச் சோதனை. வெளியில் பல வருசம் கிடந்த பெஞ்சையோ மேசையையோ கவிழ்த்துப் பாருங்கள். மேல்பக்கம் சாம்பல், அடிப்பக்கம் நல்ல செம்பழுப்பு. இரண்டு பக்கமும் ஒரே காற்றில், ஒரே ஈரப்பதத்தில், ஒரே வயதில்தான் இருந்தன. அடிப்பக்கத்துக்கு வெயில் மட்டும்தான் படவில்லை, மழையும் நேராக விழவில்லை.

மரம் என்பது மூன்று பொருள்களின் கூட்டு. நீளநீளமான நார்களாக இருப்பது செல்லுலோஸ். அதோடு சேர்ந்திருப்பது ஹெமிசெல்லுலோஸ். இவற்றை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும் பசைதான் லிக்னின். கான்கிரீட்டில் கம்பி செல்லுலோஸ் என்றால், சிமெண்டு லிக்னின்.

சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர்களுக்கு இந்த லிக்னின்தான் முதல் பலி. மரம் உறிஞ்சிக்கொள்ளும் புற ஊதாக் கதிர்களில் 80 முதல் 95 விழுக்காடு வரை லிக்னின்தான் வாங்கிக்கொள்கிறது. அந்த ஆற்றல் அதன் மூலக்கூறுகளை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் தண்ணீரில் கரையும். அடுத்த மழை வந்து அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும். பசை போனபின் நார்கள் மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பழைய பலகையைத் தடவினால் கையில் பஞ்சுபோல் ஒட்டுகிறதே, அது இந்த நார்தான்.

வெறும் நார் வெளிர் நிறம். அதன்மேல் ஒரு கரும்பூஞ்சை குடியேறும்போதுதான் நாம் பார்க்கிற சாம்பல் நிறம் வருகிறது. ஆகவே மரம் சாம்பலாவதில் பாதி வெயிலின் வேலை, மீதி பூஞ்சையின் வேலை.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், இத்தனையும் நடப்பது மிக மெல்லிய ஓர் ஏட்டில். புற ஊதாக் கதிர் மரத்துக்குள் போகும் ஆழம் சுமார் 75 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளி இன்னும் கொஞ்சம் உள்ளே, 200 மைக்ரான் வரை போகும். குளிர்நாடுகளில் செய்த அளவீடுகளின்படி, பைன் போன்ற மென்மரம் வெயிலிலும் மழையிலும் தேய்வது நூறு வருசத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர். கெட்டியான வன்மரம் அதில் பாதி.

அப்படியானால் இதற்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாம்பல் நிறம் மட்டும்தான் பிரச்சினை என்றால், அது பிரச்சினையே இல்லை என்பேன். நல்ல வன்மரம் சாம்பலாகிப் பல காலம் நிற்கும். சிலருக்கு அந்த வெள்ளிச் சாம்பல் பிடிக்கவும் செய்யும். சிக்கல் விரிசலில் தொடங்குகிறது. பசை போன மேல்தோல் மழையில் ஊறி உப்பும், வெயிலில் காய்ந்து சுருங்கும். நாள் தவறாமல் இப்படி நடந்தால் மயிரிழை விரிசல் பெரிதாகும். தண்ணீர் உள்ளே போய்த் தங்கும். தண்ணீர் தங்கினால் உளுப்பு வரும், கறையான் வரும். வெயில் கதவைத் திறந்து வைக்கிறது, மற்றவர்கள் உள்ளே வருகிறார்கள்.

கிளியர் வார்னிஷ் ஏன் உரிகிறது?

கிளியர் என்றாலே ஒளி ஊடுருவும் என்று பொருள். கண்ணாடி சன்னலுக்குப் பின்னால் வைத்த சோபாத் துணி வெளுத்துப்போவது போலத்தான் இதுவும். வார்னிஷ் ஏட்டைத் தாண்டி ஒளி உள்ளே போகிறது. அடியில் இருக்கும் லிக்னினை உடைக்கிறது. வார்னிஷ் பிடித்துக்கொண்டிருப்பது எதை? அந்த உடைந்துபோன மேல்தோலைத்தான். அஸ்திவாரமே பொடிந்த பிறகு மேலே எவ்வளவு கெட்டியான சுவர் இருந்து என்ன பயன்?

கூடவே இன்னொன்று. வார்னிஷ் ஏடும் வெயிலில் இறுகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அடியில் மரம் உப்பும்போது ஏட்டுக்கு அதோடு சேர்ந்து நீள முடியாது. வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே மழைநீர் உள்ளே போய், ஏட்டின் அடியிலேயே மாட்டிக்கொள்ளும். வெயிலடித்தாலும் சீக்கிரம் காயாது. வார்னிஷ் உரியும் இடத்தின் ஓரங்களில் கறுப்புக் கறை படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டிக்கொண்ட ஈரத்தில் வளர்ந்த பூஞ்சை அது.

"யூவி புரொடெக்ஷன்" என்று டின்னில் எழுதியிருக்கிறதே? பொய் இல்லை. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் ரசாயனங்களை அதில் கலந்திருப்பார்கள். ஆனால் அவை வேலை செய்யச் செய்யத் தாங்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும். அதோடு, கண்ணுக்குத் தெரியும் ஊதா, நீல ஒளிக்கும் மரத்தைக் கெடுக்கும் சக்தி உண்டு. அதையும் தடுக்கிற பூச்சு நிறமற்றதாக இருக்கவே முடியாது. நீலத்தைத் தடுத்தால் மஞ்சளாகத் தெரிந்தே ஆக வேண்டும். நிறமில்லாத முழுப் பாதுகாப்பு என்பது இயற்பியலே ஒத்துக்கொள்ளாத ஆசை.

வீட்டுக்குள் இருக்கும் மேசைக்கும் அலமாரிக்கும் கிளியர் வார்னிஷ் நல்ல சாமான்தான். வெளியில் வைக்கிறதுக்குத்தான் வேண்டாம் என்கிறேன்.

நிறம் எப்படிக் காப்பாற்றுகிறது?

நிறமேற்றிய ஸ்டெயினில் இருக்கும் நிறப்பொடி பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. எளிமையாகச் சொன்னால், துரு. மஞ்சள் இரும்பு ஆக்சைடு, சிவப்பு இரும்பு ஆக்சைடு, கொஞ்சம் கறுப்பு. இவற்றைக் கலந்துதான் தேக்கு நிறம், வால்நட் நிறம், மஹோகனி நிறம் எல்லாம் வருகின்றன.

இந்தத் துகள்கள் புற ஊதாக் கதிரையும் ஊதா, நீல ஒளியையும் விழுங்கி வெப்பமாக மாற்றிவிடுகின்றன. லிக்னினுக்குப் போக வேண்டிய அடியைத் தாங்களே வாங்கிக்கொள்கின்றன. முக்கியமாக, அவை தீர்ந்துபோவதில்லை. ஏற்கெனவே துருவாகிவிட்ட பொருளை வெயில் வேறென்ன செய்யும்? மழை அடித்துக் கழுவும்வரை அங்கேயே உட்கார்ந்து வேலை பார்க்கும்.

நிறம் இருந்தும் மரத்தின் ரேகை தெரிகிறதே எப்படி? துகளின் அளவுதான் காரணம். சாதாரணச் சாயத்தில் இருக்கும் பெரிய துகள்கள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், அதனால் அடியில் இருப்பது மறைந்துவிடும். 100 நானோமீட்டருக்கும் குறைவாக அரைத்த இரும்பு ஆக்சைடு அவ்வளவாகச் சிதறடிக்காது. நிறம் தரும், ஆனால் திரை போடாது.

இதில் மலாக்காக்காரர்களுக்கு ஒரு சுவாரசியம் இருக்கிறது. ஜாசினிலோ அலோர் காஜாவிலோ தோட்டத்துச் சாலையில் மழை நாளில் நடந்தவர்களுக்குத் தெரியும், வெள்ளைப் பள்ளிக் காலணி என்ன கதியாகும் என்று. அந்தச் செம்மண்ணுக்குச் சிவப்பு கொடுப்பதும் இதே இரும்பு ஆக்சைடுதான். மலேசிய மண் வகைப்பாட்டில் சரளைக்கல் நிறைந்த இந்தச் செம்மண் வகைக்கு 'மலாக்கா வரிசை' என்றே பெயர். போர்த்துகீசியர்கள் ஆ ஃபமோசா கோட்டையை எழுப்பியதும் இந்த இரும்புச் சத்து மிகுந்த செம்புரைக்கல்லில்தான். துணி சோப்பு எத்தனை போட்டாலும் போகாத அந்தக் கறைதான், டின்னுக்குள் போனதும் காசு கொடுத்து வாங்கும் சாமானாகிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க யாரும் ஆய்வுக்கூடத்துக்காகக் காத்திருக்கவில்லை. சுவீடனில் ஃபாலுன் என்ற ஊரில் ஒரு பெரிய செம்புச் சுரங்கம் இருந்தது. 1992-இல் மூடிவிட்டார்கள். அந்தச் சுரங்கக் கழிவிலிருந்து கிடைத்த செம்மண் பொடியைக் காய்ச்சிப் பலகை வீடுகளுக்குப் பூசுவது அங்கே நூற்றாண்டுகளாக வழக்கம். சுவீடன் கிராமங்களின் படங்களில் எல்லா வீடும் ஒரே செங்காவி நிறத்தில் இருப்பது அதனால்தான். 1950-களில் அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள அரசாங்க மர ஆய்வுக்கூடம், ஆளிவிதை எண்ணெயில் இரும்பு ஆக்சைடு கலந்து ஒரு செய்முறையை வெளியிட்டது. இன்று கடையில் கிடைக்கும் செமி டிரான்ஸ்பரண்ட் ஸ்டெயின்களுக்கு அதுவும் ஒரு மூதாதை. அந்தப் பழைய செய்முறையில் பூஞ்சையைக் கொல்ல ஒரு கடும் நஞ்சும் சேர்த்திருந்தார்கள். ஆகவே இணையத்தில் பழைய குறிப்பைப் பார்த்து வீட்டிலேயே காய்ச்சக் கிளம்ப வேண்டாம்.

மலாக்கா வெயிலின் கணக்கே வேறு

மலாக்கா நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 2 பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் நடுவிலும் மதிய வெயில் நேராக உச்சந்தலைக்கு மேலே நிற்கும். மற்ற மாதங்களிலும் அதிகம் சாயாது. அதனால் இங்கே அதிகம் அடிபடுவது படுத்துக்கிடக்கும் பலகை. பெஞ்சின் மேல்பக்கம், படிக்கட்டு, டெக், கேட்டின் மேல்சட்டம். நிமிர்ந்து நிற்கும் சுவரில் கிழக்கும் மேற்கும் பார்த்த பக்கங்களுக்குக் காலை, மாலை வெயில். வடக்கு, தெற்குச் சுவர்கள் ஓரளவு தப்பித்துக்கொள்ளும்.

வெயிலோடு மழை. வருசத்துக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர். மதியம் வரை சுட்டெரிக்கும், நாலு மணிக்குக் கொட்டும். மரத்துக்கு இதைவிட மோசமான கால அட்டவணை கிடையாது.

பழைய கொத்தனார், தச்சர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. மலாக்கா ஆற்றங்கரையில் கம்போங் மோர்த்தேன் போனால் பாருங்கள். கூரை சுவரைத் தாண்டி எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டு நிற்கிறது! வீடு தரையிலிருந்து தூக்கி நிற்கிறது. ஏறிப் போகும் படிக்கட்டு மட்டும் செங்கல்லும் ஓடும் பதித்தது. மழையும் வெயிலும் நேராக விழும் இடத்தில் மரத்தையே வைக்கவில்லை. காஜா பெராங்கில் உள்ள செட்டிகள் கிராமத்து வீடுகளிலும் தாழ்ந்த கூரைதான் வாசல் திண்ணைக்கு நிழல். எந்த ஸ்டெயினும் ஓர் அடி கூரை நிழலுக்கு ஈடாகாது. புதிதாக ஏதாவது கட்டுகிறீர்கள் என்றால் முதல் காசைக் கூரைக்குச் செலவழியுங்கள்.

பெரிய அளவில் மரம் வெயிலோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க வேண்டுமானால் செயின்ட் பால் குன்றின் அடிவாரத்துக்குப் போங்கள். சுல்தான் மன்சூர் ஷாவின் 15-ஆம் நூற்றாண்டு அரண்மனையை 'செஜாரா மெலாயு' வர்ணித்ததை வைத்து எழுப்பிய மலாக்கா சுல்தான் அரண்மனை அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. 1984-இல் வேலை தொடங்கி 1986-இல் திறந்தார்கள். முழுக்க மரம். வெளிப்பக்கம் அடர்ந்த செம்பழுப்பு. வெயில் படும் முகப்பையும் கூரை நிழலில் இருக்கும் பலகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், இந்தக் கட்டுரை சொல்கிறதை உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

என்ன மரம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய லயத்துப் பலகை, தூண் என்றால் அது செங்காலாக இருக்க வாய்ப்புண்டு. செங்கல் இல்லை, செங்கால். தீபகற்ப மலேசியாவிலும் தென் தாய்லாந்திலும் மட்டும் வளரும் மரம். ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கும் மேல் இருக்கும், தூக்கிப் பார்த்தாலே புரிந்துவிடும். மெதுவாக வளரும், அதனால் இன்று விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. வீட்டில் செங்கால் பலகை இருந்தால் தயவுசெய்து விறகுக்குப் போடாதீர்கள்.

செங்கால், பாலாவ் போன்ற கெட்டி மரங்களில் ஒரு சிக்கல், ஸ்டெயினை அவை அதிகம் குடிக்காது. குடிக்காததை அப்படியே விட்டுவிட்டால் மேலே பிசுபிசுவென்று நிற்கும், பிறகு திட்டுத் திட்டாக மின்னும். பூசிய கொஞ்ச நேரத்தில் மிச்சத்தைத் துணியால் துடைத்தே ஆக வேண்டும். மெர்பாவ் மரத்தில் வேறு தொல்லை. புதுப் பலகை மழையில் நனைந்தால் செம்பழுப்புச் சாறு வடிந்து சிமெண்டுத் தரையைக் கறையாக்கும். சில மழை பார்த்து, சாறு குறைந்த பிறகு பூசுவது நல்லது. மெரந்தி மெல்லிய மரம், நன்றாகக் குடிக்கும், ஆனால் வெளியில் அவ்வளவாகத் தாங்காது.

ரப்பர் மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலாக்காவுக்கும் அந்த மரத்துக்கும் உள்ள உறவு அப்படி. 1896-இல் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டதிலிருந்துதான் இந்நாட்டுத் தோட்டக் கதையே ஆரம்பிக்கிறது. நம் ஆட்கள் பால் எடுத்த மரம். வயதாகி வெட்டப்பட்ட மரம் ஒரு காலத்தில் விறகுக்குத்தான் போனது, இப்போது அறைகலன் தொழிலுக்குப் போகிறது. வெளிர் நிறம், வேலை செய்ய இதமான மரம், வீட்டுக்குள் அருமையாக இருக்கும். ஆனால் வெளியில் வைத்தால் பூஞ்சைக்கும் துளைக்கும் வண்டுக்கும் விருந்து. அதில் இருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் காரணம். எவ்வளவு நல்ல ஸ்டெயின் அடித்தாலும் ரப்பர் மரப் பெஞ்சை மழையில் வைக்காதீர்கள். பாசம் வேறு, பலகை வேறு.

கறுப்பு எண்ணெய் வேண்டாமே

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இந்நேரம் கேட்டிருப்பீர்கள். "நாங்க வேலிக் கம்பத்துக்கெல்லாம் பழைய இஞ்சின் ஆயில்தான் அடிப்போம், வருசக்கணக்கா நிக்கும், இதுக்குப் போய் ஸ்டெயினா?"

கொஞ்சம் நிற்கும் என்பது உண்மைதான். அந்தக் கறுப்பில் இருக்கும் கரி ஒளியைத் தடுக்கும், எண்ணெய் தண்ணீரைத் தள்ளும். நம் பெரியவர்கள் முட்டாள்கள் இல்லை, கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள். ஆனால் இஞ்சினில் ஓடிய எண்ணெயில் கன உலோகங்களும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய எரிபொருள் மிச்சங்களும் சேர்ந்திருக்கும். அது எப்போதும் காய்ந்து இறுகாது. தொட்டால் கையில் ஒட்டும், மழையில் கசிந்து மண்ணுக்குப் போகும். பக்கத்தில் கருவேப்பிலையும் பாண்டான் இலையும் வளர்க்கும் வீட்டில் இது தேவையா? மலேசியச் சட்டத்திலும் பழைய இஞ்சின் எண்ணெய் அட்டவணையிடப்பட்ட கழிவு. கண்ட இடத்தில் ஊற்றக்கூடாத பொருள்.

சரி, எப்படிப் பூசுவது?

கடையில் மூன்று வகை பார்ப்பீர்கள். ரேகை முழுக்கத் தெரிகிற, லேசான நிறமுள்ளது ஒன்று. ரேகை பாதி தெரியும் செமி டிரான்ஸ்பரண்ட் ஒன்று. ரேகையே தெரியாத சோலிட் ஒன்று. நிறம் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும். பெஞ்சு, கதவு, கேட்டுக்கு நடுவில் உள்ளதைத்தான் நான் எடுப்பேன். கறுப்புக்குக் கிட்டத்தட்ட வரும் அடர்நிறம் இன்னும் நன்றாகத் தடுக்குமே என்று தோன்றலாம். தடுக்கும்தான். ஆனால் அது வெயிலில் கொதிக்கும், பலகை அதிகம் விரியும். கோயில் பிராகாரத்தில் மரப் படி இருந்தால் யோசித்துப் பாருங்கள், வெறுங்காலோடு மதியப் பூசைக்கு வருகிறவர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள்.

ஏடாகப் படியும் சாமானை விட, மரத்துக்குள் ஊறும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஊறுவது உரியாது. காலப்போக்கில் தேய்ந்து மங்கும், அவ்வளவுதான். மறுபூச்சுக்கு முன்னால் சுரண்ட வேண்டியதில்லை, கழுவிக் காயவிட்டால் போதும். உரிகிற வார்னிஷைச் சுரண்டிய அனுபவம் இருப்பவருக்கு இதன் அருமை தெரியும்.

எங்கள் பெஞ்சுக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பழைய வார்னிஷ் முழுவதையும் சுரண்டி, பிறகு கரடான சாண்ட்பேப்பரால் மர நிறம் தெரியும்வரை தேய்த்தோம். சாம்பல் தோலின் மேல் எதைப் பூசினாலும் பிடிக்காது. ரொம்பவும் வழவழப்பாக்கவில்லை. வழவழப்பான பலகை குறைவாகக் குடிக்கும், கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் ஸ்டெயின் உள்ளே போய் நிற்கும். பழைய வீட்டுக் கதவு, சன்னல் என்றால் இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்துச் சாயத்தில் ஈயம் இருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்த்தால் தூசி பறக்கும். குழந்தைகள் இருக்கும் இடத்தில் அதைச் செய்யவே கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்த்து, முகக்கவசம் போட்டு, விழுந்ததைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பூஞ்சைக் கறைக்கு ஆக்சிஜன் பிளீச் பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவினோம். குளோரின் பிளீச்சைக் கெட்டியாக ஊற்றாதீர்கள், அது மரத்தின் நாரையே தின்னும். அழுத்தமாகப் பீய்ச்சும் வாட்டர் ஜெட்டும் அப்படித்தான், பலகையை உழுதுவிடும்.

அப்புறம் காயவிடுவது. பொறுமை இல்லாதவர்கள் தோற்கும் இடம் இதுதான். நிழலில், காற்றோட்டத்தில் சில நாள். கூடவே இன்னொரு பக்கமும் கவனம் வேண்டும். தேய்த்த பலகையைச் சில வாரங்கள் வெயிலில் மொட்டையாகப் போட்டு வைத்தால், மேல்தோல் மறுபடியும் கெட ஆரம்பித்துவிடும். தேய்த்த வேலை வீண். காய்ந்ததா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் மரம் தயார். முத்தாக நின்றால் இன்னும் தேய்க்கணும், இல்லை மரத்தில் பழைய வார்னிஷ் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

பூசுவது காலையில், நிழலில். நேர் வெயிலில் பூசினால் உள்ளே ஊறுவதற்குள் மேலே காய்ந்துவிடும். டின்னை அடிக்கடி கலக்குங்கள். நிறப்பொடி அடியில் தங்கிவிடும், நீங்கள் காசு கொடுத்தது அதற்குத்தான். ஒரு பலகையை எடுத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் பூசி முடியுங்கள். பாதியில் விட்டு டீ குடித்துவிட்டு வந்தால், சேரும் இடத்தில் கோடு விழும். பலகையின் வெட்டுமுனைதான் மரத்தின் வாய், தண்ணீர் குடிப்பது அதன் வழியாகத்தான். அங்கே இரண்டு மூன்று தடவை பூசுங்கள். அடிப்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் பலகை வளையும்.

வேலை முடிந்ததும், பூசித் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். எண்ணெய் ஸ்டெயினில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். இது பயமுறுத்தல் இல்லை, பட்டறைகள் இப்படி எரிந்திருக்கின்றன. துணியை ஒவ்வொன்றாக விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த டின்னில் முக்கி மூடி வையுங்கள்.

எத்தனை நாள் தாங்கும்?

குளிர்நாட்டு டின்னில் மூன்று, நான்கு வருசம் என்று போட்டிருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டாம். இந்த வெயிலில் படுத்துக்கிடக்கும் பலகைக்கு ஒரு வருசத்திலேயே நிறம் மங்கத் தொடங்கலாம். நிமிர்ந்து நிற்கும் கதவு, நிழல் பக்கத்துச் சுவர் என்றால் அதைவிடக் கூடுதல் காலம் ஓடும். மங்குவதைக் கண்டதும் கழுவி ஒரு பூச்சு போட்டால் அரை நாள் வேலை. சாம்பல் தெரியும்வரை விட்டுவிட்டால் மறுபடியும் சாண்ட்பேப்பரிலிருந்து ஆரம்பிக்கணும்.

எங்கள் பெஞ்சுக்கு இது இரண்டாவது வருசம். மேல்பக்கம் தாத்தா உட்காரும் ஓரத்தில் மட்டும் நிறம் லேசாகக் குறைந்திருக்கிறது. இப்போது அங்கே அப்பா உட்காருகிறார். போன வாரம் அப்பாவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். முத்தாக நிற்கவில்லை, உள்ளே போய்விட்டது. டின்னில் இன்னும் கால்வாசி ஸ்டெயின் மிச்சம் இருக்கிறது. மழை இல்லாத ஒரு சனிக்கிழமை காலைதான் வேண்டும்.